திண்டுக்கல் லியோனர்

மாமனாரோடு பேச விஷயம் கிடைக்காத மருமகன்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். வானிலை, வீட்டு விலை, கார் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதெல்லாம் தீர்ந்துவிட்டால் இரண்டு பேரும் டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு மட்டும் அதிர்ஷ்டவசமாக இன்னொரு விஷயம் கிடைத்தது. அது ஒரு ஜெர்மன் சாசேஜ். கிடைத்த அந்த ஒன்றையும் நான், அவர் இறந்த எட்டாம் நாளில், பிரஷர் குக்கரில் வைத்து நாலு விசில் விட்டேன்.

இதை நானே சொல்லிவிடுவது நல்லது. மெல்பேர்னில் எந்த யாழ்ப்பாணத்து வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு அங்கிள் என்னைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் இருப்பவரிடம் என்னமோ சொல்லிச் சிரிப்பதைப் பார்க்கலாம். அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவர்களுக்குச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

நான் திண்டுக்கல்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்து, யாழ்ப்பாணத்துப் பெண்ணான தர்ஷினியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன். "அவங்களும் தமிழ்தாம்மா பேசுவாங்க" என்று சொல்லித்தான் என் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். கல்யாணத்துக்கு வந்த அம்மா சம்பந்தி வீட்டாரோடு ஒரு மணி நேரம் தலையாட்டிச் சிரித்துப் பேசிவிட்டு வந்து, "ரொம்ப நல்ல மனுசங்கடா. என்ன சொன்னாங்கன்னு நீ அப்புறமா சொல்லு" என்றாள்.

மாமாவின் பெயர் நடராஜா. அவரிடம் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அவர் பேசுவதே குறைவு. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார், அல்லது பார்க்கலாம் என்பதற்கு "பாப்பம்" என்பார். நான் பெண் கேட்டுப் போனபோதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "பாப்பம்" என்றார். (கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தப் "பாப்பம்" வாபஸ் வாங்கப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை.)

சண்டைக் காலத்தில் மாமா தனியாக ஜெர்மனிக்குப் போனவர். மாமியையும் மூன்று வயதுத் தர்ஷினியையும் ஊரில் விட்டுவிட்டு, அங்கே அகதி முகாமிலும் பிறகு ஏதேதோ வேலைகளிலும் பல வருடங்கள் இருந்தார். பிறகு மாமியின் அண்ணன் சிட்னியில் வென்ட்வேர்த்வில் பக்கம் இருந்ததால், ஒருவழியாக எல்லோரும் ஆஸ்திரேலியாவில் வந்து சேர்ந்தார்கள். ஏர்போர்ட்டில் தன் அப்பாவைப் பார்த்தபோது தர்ஷினிக்குப் பத்து வயது. பக்கத்தில் வந்து நின்றவரை "அங்கிள்" என்று கூப்பிட்டாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மாமா அந்த நேரம் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஜெர்மனியிலிருந்து மாமா கொண்டுவந்த பழக்கம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் லியோனர் சாப்பிடுவது. லியோனர் என்பது வளையமாகச் சுருண்டிருக்கும் ஒரு சாசேஜ். வெளிர் ரோஸ் நிறம். ஏற்கெனவே அவித்துத்தான் விற்பார்கள், அப்படியே குளிராக மெல்லியதாகச் சீவி ரொட்டியில், இவர்கள் பாஷையில் பாணில், வைத்துச் சாப்பிட வேண்டும். மிளகாய் இல்லை, மசாலா இல்லை, கடித்தால் எதிர்ப்பே இல்லை. முதல் தடவை வாயில் வைத்தபோது, காய்ச்சல் வந்த குழந்தைக்காக யாரோ கண்டுபிடித்த இறைச்சி என்றுதான் நினைத்தேன்.

மாமா அதைச் சாப்பிடுவதே ஒரு காட்சி. குசினியில், அதாவது சமையலறையில், நின்றபடியே சாப்பிடுவார். கத்தியால் தோலை உரித்து, துண்டு துண்டாகச் சீவி, வெண்ணெய் தடவிய பாணில் அடுக்கி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். அந்த நேரம் யாரும் குசினிக்குள் போகக் கூடாது. மாமி போகவே மாட்டார். ஹாலில் கதிரையில் உட்கார்ந்து, வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

கண் பார்வை மங்கி, டாக்டர் மாமாவைக் கார் ஓட்ட வேண்டாம் என்று சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை டண்டினொங் சந்தைக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. மீனும் மரக்கறியும் வாங்கி முடித்ததும் கடைசியாக ஒரு டெலிக்கு, சாசேஜும் சீஸும் விற்கிற கடைக்கு, போவோம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மரியா என்று ஒரு பெண்மணி நிற்பார். குரோவேஷியாக்காரர். அவரும் சண்டைக்குத் தப்பி ஜெர்மனிக்கு ஓடி, அங்கே கொஞ்ச காலம் இருந்து, பிறகு இங்கே வந்தவர். அதனால் அவரும் மாமாவும் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருக்குமே அது சொந்தப் பாஷை இல்லை. இரண்டு பேரும் அதை அகதி முகாமில் கற்றவர்கள். ஆனால் வீட்டில் "ஓம்", "பாப்பம்" தவிர வாய் திறக்காத மனிதர் அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மரியா லியோனரை நிறுப்பதற்கு முன், வெட்டி வைத்த இன்னொரு வளையத்திலிருந்து ஒரு துண்டு சீவி, கண்ணாடிக்கு மேலால் கையை நீட்டி மாமாவிடம் கொடுப்பார். "ஹெர் ராஜா!" என்பார், ஜெர்மனில் மிஸ்டர் ராஜா. மாமா அதை இரண்டு விரலால் வாங்கி, அங்கேயே வாயில் போட்டுக்கொள்வார். பிரசாதம் வாங்குகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன். "இதுக்குள்ள என்ன இறைச்சி மாமா?"

"கேக்கப்படாது, தம்பி. கேட்டால் பேந்து சாப்பிடேலாது."

எங்களுக்குள் நடந்த மிக நீண்ட உரையாடல் ஒன்று சந்தையின் கார் பார்க்கில் நடந்தது. கொட்டு கொட்டென்று மழை. விடட்டும் என்று காருக்குள் உட்கார்ந்திருந்தோம். வானிலையைப் பற்றி நான் பேசி முடித்துவிட்டேன். அப்போது மடியில் இருந்த லியோனர் பொதியைத் தட்டிக்கொண்டு மாமா தானாகவே ஆரம்பித்தார்.

"ஜேர்மனிக்குப் போன புதுசு, தம்பி. பாஷை தெரியாது. ஒருநாள் இறைச்சிக் கடைக்குப் போனன். எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்குகினம். எனக்கு என்ன கேக்கிறதெண்டு தெரியேல்ல, பின்னுக்கு நிண்டன். முன்னால ஒரு தாயும் பிள்ளையும். கடைக்காரி இதில ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக்கு மேலால அந்தப் பிள்ளைக்குக் குடுத்தாள். அங்க பிள்ளையளுக்கு அப்பிடிக் குடுக்கிறது வழக்கம். பேந்து நிமிந்து என்னைப் பாத்தாள். எனக்கும் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள்."

"உங்களுக்கா? அப்ப உங்களுக்கு என்ன வயசு மாமா?"

"முப்பது தாண்டியிட்டுது. மீசையும் வைச்சிருந்தனான்." மாமா சிரித்தார். அவர் சிரிப்பதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பிறகு கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாங்கி வாயில வைச்சன். தர்ஷினிக்கும் அப்ப அந்தப் பிள்ளையின்ர வயசுதான். என்ர பிள்ளைக்கு அங்க ஆர் என்ன குடுக்கினமோ எண்டு நினைச்சன். விழுங்கேலாமல் போச்சு. அந்த மனிசி எனக்கு ருசி பிடிக்கேல்ல எண்டு நினைச்சிருக்கும்."

இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டால் ஒரு மருமகன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது: "பார்க்கிங் டைம் முடியப்போகுது மாமா."

"ஓம்," என்றார்.

வீட்டுக்குப் போனதும் மகளின் நீச்சல் வகுப்பு, திங்கட்கிழமை மீட்டிங் என்று அதை அப்படியே மறந்துபோனேன். தர்ஷினியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஜூலையில் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம். அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன், கார்களை எங்கே நிறுத்துவது என்று காட்டினேன், யாரோ அழும்போது பக்கத்தில் நின்றேன். என் காரில் பக்கத்து இருக்கை மாமாவின் காலுக்கு வசதியாகப் பின்னால் தள்ளியே இருந்தது. அதை முன்னால் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. தர்ஷினி அதில் உட்கார்ந்தபோது கால் எட்டாமல் அப்படியே வந்தாள்.

யாழ்ப்பாணத்தார் வழக்கத்தில் இறந்த எட்டாம் நாள் 'எட்டு' என்று ஒரு படையல் உண்டு. அதுவரை வீட்டில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். அன்று இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம், மீன், நண்டு, இறைச்சி உட்பட, வாழையிலையில் அவர் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். யார் யார் எதைச் சமைப்பது என்று உறவுக்கார அன்ரிமார் கூடிப் பேசினார்கள். ஒருவர் கணவாய்க் கறி, ஒருவர் இறால், ஒருவர் முருங்கையிலை வறை. மாமி அதுவரை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், வாய் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவற்ற அந்த லியோனர் ஒரு வளையம் வேணும். ஆரும் மறந்திடப்படாது. நீங்கள்தான் கடையறிவியள்."

இத்தனை வருடத்தில் மாமி என்னிடம் ஒரு காரியம் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு நான் செய்யக்கூடிய கடைசிக் காரியமும் அதுதான். "நான் பார்த்துக்கிறேன் மாமி" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குத் தனியாகப் போனேன். நான் வருவதைப் பார்த்ததுமே மரியா கத்தியை எடுத்துவிட்டார். துண்டைச் சீவிக்கொண்டே என் பின்னால் எட்டிப் பார்த்தார். "வேர் இஸ் ஹெர் ராஜா?"

நான் சொன்னேன்.

அவருடைய கை நின்றுவிட்டது. ஜெர்மனில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியாது என்று பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சீவி முடித்த துண்டை, வழக்கம்போலவே, கண்ணாடிக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீட்டில் துக்கம். நாளைப் படையல் வரை இறைச்சியைத் தொடக்கூடாது. எதிரே கண் கலங்கிய ஒரு பெண்மணி. பின்னால் ஞாயிற்றுக்கிழமை வரிசை. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. "தேங்க் யூ" என்று வாங்கி, கவுண்டரில் இருந்த பேப்பர் நாப்கினில் சுற்றி, என் ஜாக்கெட்டின் உள் பையில் இதயத்துக்குப் பக்கமாகப் போட்டுக்கொண்டேன். மரியா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் துக்கப்படுகிறவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

லியோனர் வளையத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும், "நோ குக்கிங். கோல்ட். ஓகே?" என்றார். நான் தலையாட்டினேன். யார் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன் நான்.

வெயிலேறிய மத்தியானத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிக் காரின் பின் இருக்கையில் போட்டேன். வீட்டுக்கு வந்தேன். லியோனரை ஃபிரிஜ்ஜில் வைத்தேன். துண்டை மறந்தேன்.

மறுநாள் எட்டு. வீட்டுக் குசினியில் அன்ரிமாருக்கே நிற்க இடமில்லை. ஆகவே கராஜில் இருந்த காஸ் அடுப்பு எனக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் தமிழர் வீட்டுக் கராஜில் கார் நிற்பதை நீங்கள் பார்க்க முடியாது. அங்கே அடுப்பும் அரிசி மூட்டையும்தான் நிற்கும். வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு தட்டில் லியோனரை வைத்து, அதன் முன்னால் நின்றேன்.

ரோஸ் நிறம். விரலால் அமுக்கிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

எங்கள் வீட்டில் படையல் என்றால் ஆவி பறக்க வேண்டும். முன்தினம் வாங்கி ஃபிரிஜ்ஜில் வைத்த ஒன்றை, சூடுகூடக் காட்டாமல், போய்ச் சேர்ந்தவருக்கு முன்னால் வைப்பதா? மாப்பிள்ளைக்கு அந்த அளவுக்குக்கூடச் சிரத்தை இல்லையா என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா? மாமா உயிரோடு இருந்தபோது நான் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். மரியா வேண்டாம் என்றார்தான். ஆனால் மரியா திண்டுக்கல்லில் பிறந்தவர் இல்லை. இறைச்சியை என்ன செய்வது என்று ஒரு திண்டுக்கல்காரனுக்கு குரோவேஷியாவிலிருந்து வந்து சொல்ல வேண்டுமா?

மஞ்சள்தூள் போட்டேன். உப்புப் போட்டேன். (படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக்கூடாது என்பதால், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.) ஒரு டம்ளர் தண்ணீர் விட்டேன். ஆட்டுக்கறி என்றால் ஆறு விசில். இது மெத்தென்று இருந்ததால் இரக்கப்பட்டு நாலு.

ஹாலில் சிவலிங்கம் அங்கிள் பதிகம் பாட ஆரம்பித்திருந்தார். மாமாவின் பழைய நண்பர், நல்ல குரல். உச்சத்துக்குப் போய் உருகி நிற்கும் இடத்தில் கராஜிலிருந்து முதல் விசில் போனது. அங்கிள் நிறுத்தி, மறுபடி அதே வரியை எடுத்தார். இரண்டாவது விசில். ஹாலில் யாரோ இருமினார்கள். மூன்றாவதுக்கு அங்கிள் காத்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான்காவது வராது என்று நம்பி மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தபோதுதான் வந்ததாம்.

குக்கரைத் திறந்தேன். லியோனர் இல்லை.

தோல் மட்டும் ஒரு ஓரமாகச் சுருண்டு கிடந்தது. மற்றபடி மஞ்சள் தண்ணீரில் ரோஸ் நிறக் களி. அதிலிருந்து கிளம்பிய வாசனை, ஈர நாய்க்குட்டியும் ஆஸ்பத்திரி கேன்டீனும் சேர்ந்தது போல இருந்தது. அந்த இடத்தில் ஒரு புத்திசாலி ஓடிப்போய் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் வெங்காயம் நறுக்கினேன்.

வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சோம்பு, மிளகுத்தூள், கடைசியில் பயத்தில் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள். வாணலியில் கிளறக் கிளற அது சிவந்து உதிரி உதிரியாக ஒரு பொடிமாஸ் ஆனது. வாசனை மாறியதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பார்க்கப்போனால் முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். கொத்தமல்லி தூவி, எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் நெய் கொண்டுவருகிறவனைப் போல ஹாலுக்குள் நுழைந்தேன்.

படத்துக்கு முன்னால் இலை நிறைந்திருந்தது. சோறு, கணவாய், இறால், வறை, ஒரு சின்னப் போத்தல் பியர். மாமியின் கண் இலை முழுவதும் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்தது.

"தம்பி, லியோனர்?"

"இதுதான் மாமி." கிண்ணத்தை நீட்டினேன்.

மாமி குனிந்து பார்த்தார். ஒரு அன்ரி இன்னொருவரிடம், "மாசிச் சம்பலோ?" என்று கேட்டது காதில் விழுந்தது.

தர்ஷினி எழுந்து வந்தாள். "என்னப்பா செய்தனீங்கள்?"

"சூடா இருக்கட்டுமேன்னு..."

"அதைச் சமைக்கிறதில்லையப்பா! அது குளிராச் சாப்பிடுறது! ஒவ்வொரு கிழமையும் பாத்தனீங்கள்தானே?"

பார்த்தேன்தான். ஒவ்வொரு வாரமும் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கும் கூட்டிவந்து, அவர் சீவிச் சாப்பிடுவதையும் பார்த்தேன். அவர் உயிரோடு இருந்து சாப்பிட்டது வேறு, படையல் வேறு என்று என் மூளை முடிவு செய்திருந்ததை அங்கே எப்படி விளக்குவது?

மாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அவர் அதுக்கு மிளகாய்த்தூளைக் காட்டவும் விடமாட்டார், தம்பி," என்றார் மெதுவாக. "ஒருக்கா நான் பிரட்டிக் குடுத்தனான். அண்டு முழுக்க என்னோட கதைக்கேல்ல." எட்டு நாளாகச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தவர், என் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதார். என் ஜென்மத்தில் அவ்வளவு சின்னதாக நான் ஆனதில்லை.

டண்டினொங் சந்தை திங்கட்கிழமை திறப்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் இதே மாதிரி ஒன்று விற்கும், இங்கே ஸ்ட்ராஸ் என்பார்கள், ஓடிப்போய் வாங்கி வரட்டுமா என்று தர்ஷினி கேட்டாள். சிட்னியிலிருந்து வந்திருந்த மாமியின் அண்ணன், அதைச் சிட்னியில் டெவன் என்று சொல்வது என்ற தகவலைத் தந்தார். மாமி தலையை ஆட்டிவிட்டார். "அவர் அதை வாயில வைக்கமாட்டார். விடுங்கோ. நேரம் போகுது."

அப்போதுதான் எனக்கு ஜாக்கெட் ஞாபகம் வந்தது.

வெறுங்காலோடு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். மெல்பேர்ன் ஜூலையில் இரவு முழுக்க வெளியே நின்ற கார் ஒரு ஃபிரிஜ்ஜுக்குச் சமம். பின் இருக்கையில் ஜாக்கெட், உள் பையில் நாப்கின். மாமாவின் தூரத்துக்குத் தள்ளி வைத்த அந்த இருக்கையில் உட்கார்ந்து, துண்டின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தேன். பாதி வரவில்லை. துண்டு என் பையின் வடிவத்துக்கு வளைந்து, நாப்கின் விலகிய ஒரு பக்கம், பையில் முன்பே கிடந்த பெட்ரோல் ரசீதின் எழுத்துகளோடு இருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் குப்பைத்தொட்டியோடு நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் லியோனர் இல்லாத கையை அசைத்தேன்.

"இது இருக்கு மாமி," என்றேன் மூச்சு வாங்க. "ஒரு துண்டு."

"எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"பாக்கெட்ல இருந்து."

சிவலிங்கம் அங்கிள் "சிவ சிவா" என்றார்.

"மரியா கொடுத்தாங்க மாமி, நேத்து. எப்பவும் மாமாவுக்குக் கொடுப்பாங்க. கண்ணாடிக்கு மேலால." அதற்குமேல் என்ன சொல்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. கார் பார்க்கில் மழைக்கு நின்ற அன்று மாமா சொன்னது எல்லாவற்றையும் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், கையில் ஒரு துண்டு இறைச்சியோடு சொல்லிவிட்டேன். ஜெர்மன் கடைக்காரி, முன்னால் நின்ற பிள்ளை, மீசை, விழுங்க முடியாமல் போனது. "அந்தப் புள்ளைக்கு நம்ம தர்ஷினி வயசாம் மாமி. நம்ம புள்ளைக்கு அங்க யாரு என்ன குடுக்கிறாங்களோன்னு நெனச்சாராம்."

தர்ஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையை நினைச்சோ?" என்றார்.

"ஆமா மாமி."

"பிள்ளையை நினைச்சோ சாப்பிட்டவர்?" இன்னொரு தடவை கேட்டார். பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னார்: "அங்க ஒருத்தி இருந்திருக்கிறாள் எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்! அவளின்ர கையால சாப்பிட்டது மறக்கேலாமல்தான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுறாராக்கும் எண்டு! கேக்கவும் பயம், நான் அந்தப் பக்கமே போறேல்ல..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேறொருத்தியின் ஞாபகம் என்று நம்பிக்கொண்டே, அவருக்குப் பிடிக்கும் என்பதற்காக, அதை மறந்துவிடாதே என்று மாமி என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

மாமி என் உள்ளங்கையிலிருந்து துண்டை எடுத்தார். ஒட்டியிருந்த காகிதத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் பார்த்தார், போகவில்லை. இலையில் இருந்த இறாலைத் தள்ளி வைத்துவிட்டு, நடுவில் அதை வைத்தார். "ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே, மனிசா," என்றார். பிறகு அந்த வளைந்த துண்டையும், வேட்டியோடும் சேற்றுக் காலோடும் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பொக்கெற்றுக்குள்ளயிருந்து..." என்று ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார். பிறகு தர்ஷினி. பிறகு சிவலிங்கம் அங்கிள், பதிகத்தின் மீதியைப் பாட முடியாத அளவுக்கு.

என் பொடிமாஸைப் படையல் முடிந்ததும் பின்வளவில் வைத்தோம். ஒரு மாக்பை பறவை வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. உப்பு. சிவலிங்கம் அங்கிள் மட்டும் மரியாதைக்காக ஒரு கரண்டி சாப்பிட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அதற்கு 'திண்டுக்கல் லியோனர்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் என் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறது.

வீட்டில் வேறு ஒன்று நிலைத்துவிட்டது. சாவி காணோம், ரிமோட் காணோம், மாமியின் மூக்குக் கண்ணாடி காணோம் என்றால், என் மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "செக் அப்பாஸ் பாக்கெட்" என்கிறாள். ஒவ்வொரு வருடமும் மாமாவின் திவசத்தன்று எல்லாம் படைத்து முடித்த பிறகு, எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். லியோனர் துண்டு என் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். தட்டில் கொண்டுவந்தால் மாமி ஏற்க மாட்டார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி என்னோடு சந்தைக்கு வருகிறார். காரில் மாமாவின் இருக்கையில் உட்காருகிறார். இருக்கையை இன்னும் முன்னால் இழுக்கவில்லை, அவரும் இழுக்கச் சொன்னதில்லை. போகும் வழியில் நானும் அவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். ஒருநாள் நான், "மாமா கடைசி வரைக்கும் என்னைப் பத்தி 'பாப்பம்'னுதான் வச்சிருந்தாரு மாமி" என்றேன் விளையாட்டாக. மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கு இவ்வளவு காலமும் சொல்லாததை உங்களுக்கெல்லோ சொன்னவர்" என்றார்.

டெலியில் மரியா கண்ணாடிக்கு மேலால் ஒரு துண்டை நீட்டுகிறார். மாமா போனதிலிருந்து மாமி முழுச் சைவம். அந்தத் துண்டை இரண்டு கையாலும் வாங்கி, நாப்கினில் சுற்றி, "வைச்சிருங்கோ தம்பி, வீட்டை போய் அவருக்கு வைப்பம்" என்று என் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டுகிறார். எண்ணெய்க் கறை இல்லாத சட்டை என்று என்னிடம் இப்போது ஒன்றுகூட இல்லை.